ஒலியளவுக் கட்டுப்பாடு: ஊவாத் தோட்டங்களில்

வீட்டு ஒலிக்கருவிகளில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் உறுப்பு. கரிப்பட்டையின் மேல் தொடுமுனை நகரும் திருகு அனலாக் வகை. பொத்தானோ, நிற்காமல் சுழலும் குமிழோ தரும் கட்டளையை ஒரு சில்லு எண்ணாக வாங்கி நிறைவேற்றினால் அது டிஜிட்டல் வகை. இலங்கையின் ஊவாப் பகுதியிலுள்ள பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் ஒலியளவுக் கட்டுப்பாட்டின் வரலாறு பெரும்பாலும் டிரான்சிஸ்டர் வானொலியின் வரலாறே.

இலங்கையில் ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் கொழும்பில் முறைப்படி தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டுதான் பதுளைக்கு ரயில் வந்திருந்தது. வால்வு வானொலிகள் பெரும்பாலும் தோட்டத் துரைமார் பங்களாக்களோடு நின்றன. மிகப் பழைய பெட்டிகள் சிலவற்றில் வால்வின் இழைக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைத்தே சத்தத்தைக் குறைத்தனர்.

தொழிலாளர் வாழும் லயத்துக் காம்பிராவுக்குள் வானொலி பரவலாக நுழைந்தது டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் இலங்கை வானொலி வழியே மலைநாடெங்கும் ஒலித்தன. மின்சாரம் எட்டாத லயங்களில் டோர்ச் பேட்டரிகளே வானொலிக்கு உயிர். அக்காலச் சிறு வானொலிகளின் கடைசிக்கட்டச் சுற்று, சத்தம் கூடக் கூட அதிக மின்னோட்டத்தை இழுக்கும் அமைப்புடையது. ஆகவே திருகைச் சற்றே குறைத்து வைத்தால் பேட்டரி மேலும் பல நாள் தாங்கும். தளர்ந்த பேட்டரிகளை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவதும் வழக்கம். லயத்துக் காம்பிரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. சில பழைய லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் வைத்த பாட்டு அடுத்த வீட்டுக்கும் கேட்கும். மரண அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில் சத்தம் கூடும். சொந்தக்காரர் பெயர் வருகிறதா என்று பக்கத்துக் காம்பிராவும் காதுகொடுக்கும்.

திருகின் நுட்பம் கவனிக்கத்தக்கது. காதுக்குச் சத்தம் இருமடங்கானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கேற்ப, நடுநிலையில் மொத்தத் தடையில் 10 முதல் 15 விழுக்காடே வரும்படி கரிப்பட்டை அமைக்கப்படுகிறது. ஜப்பானியத் திருகுகளில் இதற்கு ‘ஏ’ என்றும், சீராக ஏறுவதற்கு ‘பி’ என்றும் குறி. ஏ இருந்த இடத்தில் பி போட்டால் முதல் திருப்பிலேயே சத்தம் பாயும். பல பெட்டிகளில் ‘டிக்’கென்று விழும் ஆன்-ஆஃப் சுவிட்சும் இதிலேயே சேர்ந்திருந்தது. மலைக்குளிரில் ஈரமும் தூசும் பட்டையில் படிந்தால் கரகரப்பு வரும். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய 1970–77 காலத்தில் புதுத் திருகு கிடைப்பது அரிது. தேய்ந்த பட்டையில் பென்சில் கரியைத் தேய்த்துச் சரிசெய்வது ரேடியோ திருத்தும் பாஸ்மாருக்குத் தெரிந்த வைத்தியம்.

1977க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. வளைகுடா சென்று வந்தோர் ரேடியோ-கேசட் பெட்டிகளைக் கொண்டுவந்தனர். பலவற்றில் சுழல் திருகுக்குப் பதில் நழுவுதிருகு. டிஜிட்டல் கட்டுப்பாடு ரிமோட்டோடும் பின்னர் 5.1 ஒலிபெருக்கிகளோடும் வீடுகளுக்கு வந்தது. இவ்வகைக் கருவிகளுக்கான சில்லுகளுள் ஒன்றான பிடி2258, ஆறு தடங்களை 1 டெசிபல் படிகளில் 79 டெசிபல்வரை குறைக்கும்.

எந்த வகை சிறந்தது என்பதில் ஒலிப்பிரியர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. எண்களிலேயே சத்தத்தைக் குறைத்தால் ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஏறத்தாழ ஒரு பிட் நுணுக்கம் போகிறது என்பது ஒரு தரப்பு. 24 பிட் கணக்கில் அந்த இழப்பு காதுக்கு எட்டாது என்பது மறுதரப்பு. இரு பக்க ஒலியையும் ஒன்றாக மாற்றும் இரட்டைத் திருகைத் தாழ்த்தி வைத்தால் இடது, வலது சத்தம் சமமாக இராது என்பதை இரு தரப்பும் பெரும்பாலும் ஏற்கின்றன.

இன்று கையடக்கத் தொலைபேசியும் புளூடூத் ஒலிபெருக்கியும் பரவியுள்ளன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிலவியது. அத்தகைய வேளைகளில், நினைவகம் இல்லாத டிஜிட்டல் கருவி, மின்சாரம் திரும்பியதும் தொடக்க அளவுக்கே போய்விடும். திருகு வைத்த இடத்தில் நிற்கும். கரகரக்கும் திருகைத் துப்புரவுத் திரவம் தெளித்து மீட்கலாம், இல்லாவிட்டால் அதைமட்டும் மாற்றலாம். சில்லு பழுதானால் பெரும்பாலும் பலகையையே மாற்ற வேண்டியிருக்கிறது.