சிரிப்பை யார் வரைவது?

இந்த முறை பல் விவகாரம். தெத்துப்பல் சிரிப்பு அழகு என்று சொல்லும் பாட்டிகள் எங்கள் செட்டியார்பட்டியில் இன்னும் இருக்கிறார்கள். பெண் பார்க்கப் போனால் அதே பாட்டிகள் "பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று இழுப்பார்கள், அது வேறு கதை! இப்போது சின்ன ஊர் பல் ஆஸ்பத்திரி போர்டுகளில்கூட 'ஸ்மைல் டிசைன்' என்று எழுதியிருக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. வெள்ளைப் பல்தான் அழகு என்பது எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை. மொகலாயர் காலத்து வட இந்தியாவில் பெண்கள் 'மிஸ்ஸி' என்ற பொடியால் பல்லையும் ஈறையும் கறுப்பாக்கிக்கொண்டார்கள். ஜப்பானிலும் பல்லைக் கறுப்பாக்குவது கௌரவமாக இருந்தது. பிரபுக் குடும்பங்கள் அப்படிச் செய்யக் கூடாது என்று 1870ல் அரசாங்கம் தடையே போட வேண்டியிருந்தது. அதே ஜப்பானில் 2011 வாக்கில் இளம்பெண்கள் காசு கொடுத்து செயற்கைத் தெத்துப்பல் ஒட்டிக்கொண்டார்கள். நம்ம பாட்டிகள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

வெள்ளையும் வரிசையும் உலகம் முழுக்கப் பரவியதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் டாக்டர் 1930களில் நடிகர்களின் பல்மேல் மெல்லிய உறைகளை ஒட்டிவிட்டார். ஷூட்டிங் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், சாப்பிட முடியாது. பால்பல் விழுந்த ஷெர்லி டெம்பிளுக்கும் இவர்தான் செய்து கொடுத்தார். 1955ல் மைக்கேல் புவனகோர் எனாமலை லேசாக அமிலத்தால் அரித்தால் பிளாஸ்டிக் பசை கெட்டியாகப் பிடிக்கும் என்று காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1980களில் பீங்கான் 'வெனீர்' பல்லிலேயே நிலையாகத் தங்க ஆரம்பித்தது.

சரி, எந்த வடிவத்தில் ஒட்டுவது? அதை வெகுகாலம் டாக்டர்தான் முடிவு செய்தார். முகம் எப்படியோ பல்லும் அப்படியே இருக்க வேண்டும் என்று 1914ல் லியோன் வில்லியம்ஸ் ஒரு கணக்குச் சொன்னார். 1950களில் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி என்று இன்னொரு கணக்கு வந்தது. சம்பந்தப்பட்ட ஆளை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் பிரேசில்காரரான கிறிஸ்டியன் கோச்மன். நோயாளியின் முகத்தை போட்டோ எடுத்து, நாம் கிளாசில் செமினாருக்குப் போடும் ஸ்லைடு மாதிரியான சாதாரண சாப்ட்வேரிலேயே கோடு போட்டு, புதுப் பல்லை வரைந்து காட்டினார். இந்த முறையைப் பற்றி 2012ல் கட்டுரையும் எழுதினார். வரைந்ததை வைத்து மாதிரி செய்து, பல்லைச் செதுக்குவதற்கு முன்பே வாயில் தற்காலிகமாகப் பொருத்திப் பார்க்கலாம். பிடிக்கவில்லையா, எடுத்துவிடலாம். எனக்கு இதில் பிடித்தது இதுதான். வெனீருக்காக எனாமலைச் சுமார் அரை மில்லிமீட்டர் செதுக்கினால் அது திரும்ப வளராது. தெத்துப்பல்லை நேராக்குவதற்கு முன் "இதை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கும் வசதி இருந்தும் கேட்காமல் விட்டால், குற்றம் சாப்ட்வேருடையது இல்லை.

ஆனால் நம்ம ஊரில் இது வெறும் சினிமா ஆசையா? இங்கேதான் தர்மபுரி வருகிறது.

1937ல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தைப் பற்றி எழுதினார்கள். கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளூரைடால் பல்லில் கறை, வயதானவர்களுக்கு முதுகெலும்பே விறைத்துப்போன நிலை. அதே ஃபுளூரைடு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரிலும் இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எட்டு வயதுக்குள், ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே இந்தக் கறை ஏறிவிடுகிறது. எந்தப் பல்பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஜப்பான் கடனுதவியோடு 2008ல் அடிக்கல் நாட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் திறக்கப்பட்டது. நல்ல தண்ணீர் இனிப் பிறக்கும் குழந்தைக்கு உதவும். அதற்கு முன்பே வளர்ந்துவிட்டவர்களின் பல்லை அது வெளுக்காது. இண்டர்வியூவில் வாயைப் பொத்திச் சிரிக்கிற ஒருவர் பல்லைச் சரிசெய்யப் போனால் அதை ஆடம்பரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காமர்ஸ் படிக்கிறவன் வரியைப் பற்றிப் பேசாமல் போனால் எப்படி? வைத்தியத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ஆனால் 2017 அறிவிப்பின்படி அழகுக்கான அறுவை சிகிச்சைக்கு அந்த விலக்கு இல்லை. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறைபாடு, காயம் இவற்றைச் சரிசெய்ய என்றால் மட்டும் உண்டு. வெள்ளையான பல்லை இன்னும் வெள்ளையாக்க வருகிறவரும், குடித்த தண்ணீரால் பல் பழுப்பானவரும் ஒரே நாற்காலியில்தான் உட்காருகிறார்கள், ஒரே வெனீரைத்தான் கேட்கிறார்கள். எனாமல் உருவாகும்போதே கெட்டுப்போனது வளர்ச்சிக் குறைபாடுதானே? என் வாசிப்பில் இரண்டாமவருக்கு விலக்கு கிடைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. தெரிந்த சீனியர்கள் யாராவது சொல்லுங்களேன், பில்லில் இதை எப்படி எழுதுவீர்கள்?