மிக்-17 போர் விமானமும் 1971 ஆம் ஆண்டின் இலங்கையும்

இலங்கையின் வான்போர் வரலாற்றில் ஏப்ரல் 5 ஆம் திகதி இருமுறை இடம்பெறுகின்றது. 1942 இல் அந்நாளில் ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் அவற்றை எதிர்த்து எழுந்தன. 1971 இல் அதே நாளில் பல பொலிஸ் நிலையங்களை இந்நாட்டு இளைஞரே தாக்கினர். முன்னைய நாளிற் பகை வானிலிருந்து வந்தது. பின்னைய நாளில் அரசு தன் எதிரியைத் தன் கிராமங்களிலேயே கண்டது. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது மிக்-17 விமானம் இலங்கைக்கு வந்த வரலாற்றை விளங்கிக்கொள்ளல் அரிது.

வான்வலிமை யாது என்பதற்குக் கண்டியின் வரலாறே ஒரு விளக்கம் தருகின்றது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளையின் தலைமையகத்தைப் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு மாற்றினார். 1940 இல் இலண்டன் வானைக் காத்த தளபதிகளுள் ஒருவரான கீத் பார்க், 1945 இல் இக்கட்டளையின் வான்படைகளுக்குப் பொறுப்பேற்றார். மலைகள் சூழ்ந்த இவ்விடத்திலிருந்து பர்மாவின் வான்போர் நெறிப்படுத்தப்பட்டது. விமானத்தைவிட, அதற்குப் பின்னின்ற தகவலும் எரிபொருளும் உதிரிப்பாகமும் கட்டளையுமே வலிமையாயின என்பது இதனாற் பெறப்படும்.

சுதந்திர இலங்கையின் விமானப்படை 1951 மார்ச் 2 ஆம் திகதி நிறுவப்பட்டது. 1959 முதல் அது பெற்ற ஜெட் புரொவோஸ்ட் விமானங்கள் அடிப்படையிற் பயிற்சி விமானங்களே. எனினும் இயந்திரத் துப்பாக்கிகளும் ரொக்கெட்டுக்களும் பொருத்தத்தக்கவை. 1971 இல் அவற்றுட் பல சேமிப்பிற் கிடந்தன. கிளர்ச்சி வெடித்ததும் சீனக்குடாவிலிருந்த இவ்விமானங்களே அவசரமாகப் போருக்கு அழைக்கப்பட்டன. தனித்துநின்ற நிலையங்களுக்கு வேண்டியவற்றை ஹெலிகொப்டர்கள் சுமந்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் ஹெலிகொப்டர்களை அனுப்பியுதவின. சோவியத் ஒன்றியம் அவ்வாண்டில் வழங்கியவற்றுள் ஐந்து மிக்-17 விமானங்களும் பயிற்சிக்குரிய ஒரு மிக்-15 விமானமும் அடங்கும்.

மிக்-17 இன் முன்மாதிரி 1950 ஜனவரியில் முதன்முதற் பறந்தது. பின்னோக்கி வளைந்த சிறகுகளும், மூக்குப் பகுதியில் 37 மில்லிமீற்றர் பீரங்கி ஒன்றும் 23 மில்லிமீற்றர் பீரங்கிகள் இரண்டும் அதற்குரியன. அதன் இயந்திரம் பிரித்தானியாவின் றோல்ஸ் றோய்ஸ் நீன் இயந்திரத்தின் வழிவந்தது. பிரித்தானியா விற்ற நீனைச் சோவியத் பொறியியலாளர் பார்த்தமைத்துப் பின் மேம்படுத்தினர். ஆகவே இருவேறு முகாம்களிலிருந்து இலங்கைக்கு வந்த இருவகை ஜெட் விமானங்களும் தம் இயந்திரங்களால் பிரித்தானியத் தொழிலறிவின் கிளைகளே எனலாம்.

இவ்விமானத்தின் ஆற்றல் வியட்நாமில் வெளிப்பட்டது. 1965 ஏப்ரல் 4 ஆம் திகதி வட வியட்நாமின் மிக்-17 விமானங்கள், தம்மினும் வேகமிக்க அமெரிக்க எஃப்-105 விமானங்கள் இரண்டை வீழ்த்தின. குறுகிய வட்டத்தில் திரும்பும் திறனும் அண்மையிலிருந்து சுடும் பீரங்கியும் வேகக் குறைவை ஈடுசெய்தன. எனினும் அவ்வெற்றிக்கு வேறோர் அடிப்படையும் உண்டு. பகை விமானம் வரும் திசையைத் தரையிலிருந்த ரேடார் நிலையம் விமானிக்கு உணர்த்தியது. வருபவர் அந்நியர் என்பதிலும் ஐயமிருக்கவில்லை.

1971 இன் இலங்கையில் இவ்விரண்டும் இல்லை. கிளர்ச்சியாளரிடம் விமானம் எதுவும் இருக்கவில்லை. கொழும்பு–கண்டிப் பெருந்தெரு ஊடறுத்துச் செல்லும் கேகாலை மாவட்டம் கிளர்ச்சி வலுப்பெற்ற பகுதிகளுள் ஒன்று. மணிக்கு ஏறத்தாழ 1,145 கிலோமீற்றர் என்னும் தன் உச்ச வேகத்தில் மிக்-17 கண்டியிலிருந்து கேகாலைக்குள்ள தூரத்தை ஏறத்தாழ இரண்டு நிமிடத்திற் கடந்துவிடும். இறப்பர் மரங்களிடையே நடப்பவன் கிளர்ச்சியாளனா, பால்வெட்டும் தொழிலாளியா என்பதை அவ்வேகத்திற் பிரித்தறிதல் எங்ஙனம்? வானிற் பகைவனை வெல்ல உதவிய அதே வேகம் இங்குக் குறையாயிற்று.

இவ்வுண்மையைப் பின்வந்த காலமும் உறுதிப்படுத்தியது. 1985 இல் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தபோது அரசு தேடிப்பெற்றவை மெதுவாகப் பறக்கும் மார்ச்செட்டி இலகு விமானங்கள். குண்டுகள் விழுந்ததும் இந்நாட்டு மண்ணிலேயே. 1996 இல் கிபீர் விமானங்களும் 2000 ஆம் ஆண்டில் மிக்-27 விமானங்களும் வந்தபோதும் இலக்கு நாட்டின் எல்லைக்குள்ளேயே இருந்தது. அந்நிய விமானத்தை எதிர்கொள்ளவென அமைந்த மிக்-17, ஆயுதமேந்திய குடிமக்களை எதிர்கொள்ள அரசு ஜெட் விமானங்களை நாடிய வரலாற்றின் தொடக்கத்தில் நிற்கின்றது.

ஒரு போர் விமானத்தை அதன் வேகத்தாலும் பீரங்கியாலும் மட்டும் மதிப்பிடுதல் போதாது. யாருக்கெதிராக அது வாங்கப்பட்டது என்பதும் அதன் வரலாற்றின் பகுதியே. 1971 இற் பிடிபட்ட இளைஞர் பல்லாயிரவர். அவர்களை அடைத்துவைக்க வித்தியோதய, வித்தியாலங்கார பல்கலைக்கழக வளாகங்களும் பயன்பட்டன. கல்வி கற்றும் தொழிலற்றிருந்தோர் அவர்களுட் பலர். விரிவுரை மண்டபங்கள் சிறைக்கூடங்களான அவ்வாண்டில் நாட்டை எதிர்நோக்கிய வினா, அவ்விளைஞர் ஏன் படைக்கலம் ஏந்தினர் என்பது. அதற்கு விடை தரும் கருவி எந்த விமானத்திலும் பொருத்தப்பட்டிருக்கவில்லை.