நடுவட்டத்தில் பூட்டிய கதவு

சிலரை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். வெளியே பனிப்புயல் என்று பாவனை; உள்ளே மரச்சுவரும் கணப்பும். ஒரு மணி நேரத்துக்குள் துப்புகளைக் கோத்துப் பூட்டைத் திறந்து வெளியே வர வேண்டும். 2007இல் ஜப்பானின் கியோத்தோவில் தக்காவோ கத்தோ தொடங்கிவைத்த ‘எஸ்கேப் ரூம்’ ஆட்டம் இன்று சென்னை, பெங்களூரு வரை வந்துவிட்டது. பனி மூடிய மலைக்குடில் மேலைநாட்டுக் கற்பனை, கொங்கு வெயிலுக்கு ஒட்டாதது என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலைக்குளிரில் கதவடைத்து உட்காருவதைச் சுகமாக்கியதும், அதே குளிரில் மனிதரைப் பூட்டிவைத்து வேலை வாங்கியதும் பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் கதைதான். இடையில் சில ஆண்டுகள் மேற்குப் பகுதி மலபாரோடு இருந்ததைத் தவிர்த்தால், 1868 வரை நீலகிரி அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது.

கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். 1822இல் ஊட்டியில் அவர் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. மலையில் ஏற்கெனவே தோடரும் கோத்தரும் படுகரும் வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் குளிர் அன்றாடம். அதை அனுபவிக்கவென்றே மேலே வந்தவர்கள் கீழிருந்த துரைமார். 1841இல் ஊட்டி கிளப் வந்தது. ஜபல்பூரில் 1875இல் உருவான ஸ்னூக்கருக்கு 1882இல் விதிகள் எழுதி மாட்டப்பட்டது அந்தக் கிளப்பில்தான். மலைவாசத்தின் பொழுதுபோக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு மேசையைச் சுற்றி நடந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், கொயினா மருந்துக்கான சின்கோனா மரத் தோட்டங்களில் கைதிகளிடம் வேலை வாங்க நடுவட்டத்தில் ஒரு சிறை இருந்தது. அங்கே அடைக்கப்பட்டிருந்தவர்களில் சீனர்களும் உண்டு. அபினிப் போரில் பிடிபட்டவர்கள் என்று மலையில் சொல்வார்கள். சிங்கப்பூர், பினாங்குப் பக்கம் தண்டனை பெற்று, அங்கே சிறையில் இடமில்லாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்கின்றன அரசு ஏடுகள். ஏடுகளையே நம்பலாம். தாய்சோலைப் பக்கம் ‘ஜெயில் தோட்டம்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. 1860களின் பிற்பகுதியில், புயலடித்த ஓர் இரவில், நீலகிரியில் காவலில் இருந்த சீனக் கைதிகளில் பன்னிரண்டு பேர் தப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து மலபாரில் பிடிபட்டபோது அவர்கள் கையில் போலீஸ் ஆயுதங்கள் இருந்தன. தேடிப்போன காவலர் நால்வரின் உடல்கள் சிஸ்பாரா கணவாய் வழியில் கிடந்தன. வெட்டுண்ட தலைகள் தோள்மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன.

விளையாட்டின் நடுவே சிறையை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். நம் ஆடு புலி ஆட்டத்திலும் புலியை மடக்கித்தானே வெல்கிறோம்? உண்மைதான். ஆனால் அங்கே அடைபடுவது காய். எஸ்கேப் ரூமில் அடைபடுவது ஆட வந்தவரே. அதன் கிளர்ச்சி முழுவதும் அடைபட்டவரின் பதற்றத்தைக் கடன் வாங்கியது. கடன் வாங்குவதில் தவறு இல்லை. நேரம் முடிந்தால் நடத்துபவர் வந்து திறந்துவிடுவார் என்ற உறுதி இருக்கும்வரைதான் அது ஆட்டம். கிளப்பில் இருந்தவர்களுக்கு அந்த உறுதி இருந்தது: வேண்டாமென்றால் கீழே இறங்கிவிடலாம்.

சிறைவாசம் அத்தனை கொடுமை என்றால் விடுதலையான சீனர்கள் ஏன் அங்கேயே தங்கினார்கள் என்பது வலுவான கேள்வி. தங்கியவர்கள் சிலர் உண்டு. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டார்கள். ஆனால் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவருக்குச் சிறைக்கதவு திறந்தால் மட்டும் ஊர் வந்துவிடாது. மானிடவியல் ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் பின்னாளில் அந்தக் குடியிருப்பைக் கண்டபோது, அவர்களுடைய தலை, மூக்கு அளவுகளை எடுத்துக் குறித்துக்கொண்டார்.