மெஸ்த்ரி

கோவாவின் பங்குப் பள்ளிகளில் சங்கீதம் கற்பித்த ஆசிரியருக்கு மெஸ்த்ரி என்று பெயர். போர்த்துக்கீசியர் 1510-இல் கோவாவைக் கைக்கொண்ட பிறகு, அந்த நூற்றாண்டிலேயே மாதாகோவில்களை ஒட்டி எழுந்த பள்ளிகளில் எழுத்தும் ஞானோபதேசமும் சங்கீதமும் ஒருங்கே போதிக்கப்பட்டன. 1544-இல் புனித சவேரியார் ஞானஸ்நானம் கொடுத்துச் சென்ற தென் திருவிதாங்கூர்க் கடற்கரையின் உபதேசியாரை அறிந்தவர்கள், அவர் கையில் ஒரு பிடிலையும் கொடுத்துப் பார்த்தால் மெஸ்த்ரியை ஒருவாறு அறிந்தவராவர்.

மெஸ்த்ரியின் போதனைமுறை கடுமையானது. பிள்ளை வாத்தியத்தைத் தொடுவதற்கு முன், கையால் தாளமிட்டு, எழுதிய ஸ்வரத்தைப் பார்த்த மாத்திரத்தில் பாடும் அப்பியாசத்தில் தேற வேண்டும். அதன் பிறகே வயலின். ஞாயிறு பூசையில் லத்தீன் கீதம், வீடுகளில் மன்றாட்டு மாலை, திருவிழாவில் பாண்டு வாத்தியம் என்று அவருடைய மாணாக்கருக்கு ஆண்டு முழுவதும் மேடைக்குக் குறைவில்லை.

மெஸ்த்ரியிடம் பயின்று, பிழைப்பை நாடிப் பம்பாய் சென்ற கோவா வாலிபர்களுக்கு, 1935-இல் லியோன் ஆபி என்ற கறுப்பின அமெரிக்கர் தம் குழுவோடு தாஜ்மகால் ஹோட்டலுக்கு வந்து வாசித்த ஜாஸ் புதிதாயிருந்ததே தவிர, நோட்டு புதிதன்று. மனோதர்மத்தை மெஸ்த்ரி கற்பித்தாரில்லை. அதை அவர்கள் அமெரிக்கரிடமும் இசைத்தட்டுகளிலும் கேட்டே கற்றனர். அல்டோனாவில் பிறந்து, ‘சிக் சாக்லெட்’ என்ற பெயரில் ட்ரம்பெட் வாசித்த அந்தோனியோ சேவியர் வாஸ், இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்றே கொண்டாடப்பட்டார். பின்னர் மதுவிலக்கினால் ஹோட்டல் வரும்படி குன்றவே, அவர்களுள் பலர் சினிமாவை அண்டினர். இசையமைப்பாளர் வாயால் பாடிக் காட்டிய மெட்டை ஸ்வரப்படுத்தி, வாத்தியங்களுக்குப் பகிர்ந்து எழுதித் தருவதற்குப் பழைய பாடசாலைப் பயிற்சியே கைகொடுத்தது. இந்திப் பட இசையமைப்பாளர்களான சங்கர்–ஜெய்கிஷனின் புகழில், அவர்களுக்கு இவ்வாறு எழுதித் தந்த செபாஸ்டியன் டிசௌசாவுக்குரிய பங்கு சாமானியமன்று.

சிகாகோவின் டுசேபிள் உயர்நிலைப் பள்ளியில் நாட் கிங் கோல் முதலியோரைப் பயிற்றிய வால்டர் டையெட்டின் பெயரை ஜாஸ் சரித்திரங்கள் மறப்பதில்லை. சென்னையில் இளையராஜாவுக்கு மேற்கத்திய இசை பயிற்றுவித்த தன்ராஜ் மாஸ்டரையும் தமிழர் அறிவர். மெஸ்த்ரிகளுக்கோ அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. சீடர்களை மெச்சியவர்கள் குருவின் ஊரைக்கூட விசாரித்தாரில்லை.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. மஜோர்டாவில் தேவாலய இசையாசிரியரின் மகனாக 1927-இல் பிறந்த அந்தோணி கொன்சால்வஸ், பம்பாயில் வயலின் வித்வானாய் விளங்கி, பின்னாளில் இந்திப் பட இசையமைப்பாளரான பியாரேலாலுக்கும் ஆசானானார். 1958-இல் இந்திய ராகங்களை மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கென அமைத்து மேடையேற்றினார். ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தில் (1977) அமிதாப் பச்சன் முட்டைக்குள்ளிருந்து வெளிப்பட்டு ‘அந்தோணி கொன்சால்வஸ்’ என்று தன் பெயராகச் சொல்லிக்கொள்வது, பியாரேலால் தம் ஆசானுக்குச் செலுத்திய குருதட்சிணையே. அப்பெயர்கொண்ட மனிதர் 2012 வரை வாழ்ந்திருந்தார்.