பூகியின் குறுகிய குழாய்கள்



மோட்டார் எஞ்சின் கழித்துவிடும் புகையோடு பெருஞ் சக்தியும் வீணே வெளியேறுகிறது. அப்புகையாற் சுழலி ஒன்றை ஓட்டி, அதன் வலுவால் மிகுதியான காற்றை எஞ்சினுள் அமுக்கலாமென்று 1905ஆம் ஆண்டிற் காப்புரிமை கோரினார், சுவிற்சர்லாந்து தேசத்து எஞ்சினியர் அல்பிரட் பூகி. இன்று டேர்போ எனப்படுவது அக்கருவியே.

எண்ணம் எளிது, செயல் எளிதாயமையவில்லை. இருபது ஆண்டுகள் சென்றபின், 1925இல், அவர் புகைக்குழாய்களின் அமைப்பிலே கருத்தைச் செலுத்தினார். சிலிண்டர்களின் புகை ஆற்றொழுக்காக வருவதன்று. துடிப்புத் துடிப்பாக வருவது. யாவற்றையும் ஒரு பெருங்குழாயிற் கலந்தால் அத்துடிப்பு அடங்கிவிடும். ஒன்றன் புகை மற்றொன்றன் வழியை மறிக்கும். ஆகவே, ஒன்றையொன்று மறியாத சிலிண்டர்களைச் சேர்த்து, குறுகிய தனித்தனிக் குழாய்களாற் புகையைச் சுழலிக்குக் கொண்டுசென்றார். 1926இல் அமைந்த 'பிரொய்சன்', 'ஹன்சஸ்டாட் டான்சிக்' என்னும் ஜேர்மன் கப்பல்களிலே டீசல் எஞ்சினின் வலு, டேர்போவினால் 1,750 பரிவலுவிலிருந்து 2,500 ஆக உயர்ந்தது.

கப்பல் நெடுந்தூரம் ஒரே வேகத்தில் ஓடுவது. சுழலி தாமதித்தெழுந்தாலும் அங்கே கேடில்லை. வீதிக் காரின் நிலை வேறு. 1973இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. 2002 டேர்போ, எஞ்சின் மெல்லச் சுழலும்போது உறங்கிக் கிடந்து, பின் ஒரேயடியாகச் சீறியெழும். வளைவிலே மிதியை அழுத்திய சாரதி, ஒன்றும் நிகழாமை கண்டு மேலும் அழுத்துவான். வண்டி வளைவின் நடுவில் நிற்கையில் வலு வந்து சேரும். மழை நனைத்த வீதியிலே இத்தாமதம் உயிரோடு விளையாடுவதாகும். 1977இல் அறிமுகமான சாப் 99 டேர்போ, சிறிய சுழலியை வைத்து, மிகுதிப் புகையை வேறு வாயிலால் விலக்கி, இக்குறையைப் பெரிதும் தணித்தது.

இக்காலத்திற் புகைக்குழாய்த் தொகுதியை மாற்றுவோர் பலர், பருத்து நீண்டு மின்னுங் குழாய்களையே நாடுகின்றனர். பந்தயத் திடலில், எஞ்சின் ஓயாது விரைந்து சுழலுமிடத்தில், அவை பயன்தரும். வீதியிலோ அவற்றின் கொள்ளளவை நிரப்புவதிலேயே நேரங் கழியும். புகையும் குளிர்ந்து தளரும். குட்டையான, ஒடுங்கிய குழாய்களே அங்கு உகந்தவை. நாற்சிலிண்டர் எஞ்சினில் முதலாவதையும் நான்காவதையும் ஓரிணையாகவும், இரண்டாவதையும் மூன்றாவதையும் மற்றோரிணையாகவும் கொண்டு, இருவாயுள்ள சுழலியிற் சேர்த்தால், பூகி கண்ட துடிப்பு சிதையாது நிற்கும். சுழலிக்கு ஒரு வாயே உளதாயின், இவ்விணைப்பாற் பெறும் நன்மை சொற்பமே.

அழகிற் குறைந்த வார்ப்பிரும்புத் தொகுதியையும் இகழ்தல் வேண்டாம். மெல்லிய எஃகுக் குழாய், செந்தணலாய்க் காய்ந்து, டேர்போவின் பாரத்தையும் தாங்கி நிற்கையில், ஒட்டிய இடத்தில் வெடிப்பதுண்டு. வெடிப்பினூடே புகை கசிந்தால் தாமதம் முன்னிலும் மிகும். புதிய கார்கள் சிலவற்றிலோ இக்குழாய்கள் சிலிண்டர்த் தலையினுள்ளேயே வார்க்கப்படுகின்றன. அங்கே மாற்றுவதற்குக் குழாயே இல்லை.