யார் இந்த சீகன்பால்கு? தரங்கம்பாடியில் எழுதிய புத்தகம் 154 ஆண்டுகள் அச்சாகாமல் கிடந்தது ஏன்?

காரைக்கால் மாவட்டம் அம்பகரத்தூர் என்றாலே பத்ரகாளியம்மன் கோயில்தான் ஞாபகத்துக்கு வரும். பத்ரகாளி, மாரியம்மன், பிடாரி, அய்யனார் என இந்த டெல்டா பகுதியின் ஊர்த் தெய்வங்களைப் பற்றி 1713-லேயே ஜெர்மன் மொழியில் ஒரு புத்தகம் எழுதப்பட்டது. எழுதியவர், காரைக்காலுக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள தரங்கம்பாடியில் இருந்த ஒரு லுத்தரன் பாதிரியார். பெயர், பார்த்தலோமேயு சீகன்பால்கு.

யார் இவர்?

1682-ல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். ஹாலே நகரில் இறையியல் படித்தார். அப்போது தரங்கம்பாடி டென்மார்க் வசம் இருந்தது. டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்ப, ஹென்ரிக் புளுட்சோவுடன் 1706 ஜூலை 9-ல் இங்கே வந்து இறங்கினார். வயது 24-ஐ நெருங்கியிருந்தது. தமிழில் ஒரு எழுத்துகூட தெரியாது.

தமிழ் கற்றது எப்படி?

திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடி உள்ளூர்களுக்கு ஆள் அனுப்பினார். படித்தவர்கள் இறந்துபோன வீடுகளில், அவர்களுடைய மனைவியரிடம் இருந்து சுவடிகளை விலைக்கு வாங்கினார். 1708-ல் 119 தமிழ் நூல்களுக்குக் குறிப்புகளோடு ஒரு பட்டியலே போட்டுவிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

சிறைக்குப் போனது ஏன்?

சொந்த ஆட்களோடுதான் மோதல். டென்மார்க் கம்பெனியின் கவர்னர் ஹாசியஸுக்கு இவரைப் பிடிக்கவில்லை. ஏழை விதவை ஒருவரின் கடன் தகராறில் இவர் தலையிட, 1708 இறுதியில் டேனிஷ் கோட்டையில் அடைக்கப்பட்டார். சுமார் 4 மாதம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

தமிழின் முதல் அச்சுப் புத்தகம் இவருடையதா?

இல்லை. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. சீகன்பால்குவின் சாதனை வேறு. இவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் தரங்கம்பாடியில் முழுமையாக அச்சானது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுதான்.

அச்சு இயந்திரம் இங்கிலாந்தில் இருந்தும், தமிழ் எழுத்துகள் ஹாலேயில் இருந்தும் வந்தன. எழுத்து பெரிய சைஸில் இருந்ததால் காகிதம் ஏகத்துக்கும் செலவானது. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்தில் உள்ள பொறையாறில் காகித ஆலையும் அமைத்தார்கள். லத்தீனில் இவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலேயில் வெளியானது.

அந்தப் புத்தகம் என்ன ஆனது?

மதம் மாற்றத்தான் வந்தார் சீகன்பால்கு. அதில் ஒளிவுமறைவு இல்லை. சாமி கும்பிடுவதை அவர் தவறென்றே நினைத்தார். ஆனாலும் மக்களிடமே கேட்டு எழுத வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் கடிதத்தில் எழுதிய பதில்களை மொழிபெயர்த்தார். அப்படி 99 கடிதங்கள் ஹாலேயில் அச்சாகின.

சிவன், விஷ்ணு முதல் ஊர்க் காவல் தெய்வங்கள் வரை விவரிக்கும் புத்தகத்தை 1713-ல் முடித்து ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கே அவருடைய வழிகாட்டியான ஃபிராங்கே ஏற்கவில்லை. அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினால், அதையே ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவருடைய எண்ணம். கையெழுத்துப் பிரதி அப்படியே கிடந்தது.

சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-ல், 36 வயதில் இறந்தார். முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்ட தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். புத்தகம் 1867-ல்தான் சென்னையில் ஜெர்மன் மொழியில் அச்சானது. எழுதி முடித்து 154 ஆண்டுகள் கழித்து!

இப்போது ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஊர்த் தெய்வங்களின் கதைகள் பெரும்பாலும் வாய்வழியாகவே வந்தவை. 300 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கடலோர மக்கள் தங்கள் சாமிகளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதற்கு, எழுத்தில் மிஞ்சிய சில சாட்சிகளில் இதுவும் ஒன்று. அந்தச் சாமிகளை நம்பாத ஒருவரின் கையால் எழுதப்பட்ட சாட்சி என்பதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.