எலியின் மூளையும் மனிதனின் மூளையும்



எலியின் மூளையிற் கண்ட உண்மை மனிதனுக்கும் பொருந்துமா? இவ்வினாவுக்கு விஞ்ஞான வரலாறே விடை பகர்கின்றது.

கார்ல் லாஷ்லி என்னும் அமெரிக்க உளநூலறிஞர், சிக்கலான வழிகள் அமைந்த பெட்டிகளில் எலிகளைப் பழக்கி, அவற்றின் மூளையின் மேற்புறணியை வெவ்வேறிடங்களில் வெட்டி நீக்கிப் பார்த்தார். மறதியின் அளவு, வெட்டிய இடத்தைப் பொறுத்ததன்று. வெட்டிய அளவையே பொறுத்தது என 1929இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். நினைவுக்கெனத் தனியிடம் மூளையில் இல்லை என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

1953இல் அமெரிக்காவில், கடும் வலிப்பு நோயுற்ற இளைஞர் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. மூளையின் உட்புறத்தே, கடற்குதிரை போல் வளைந்து கிடக்கும் ஹிப்போகம்பசு என்னும் பகுதி இருமருங்கிலும் பெரும்பாலும் அகற்றப்பட்டது. வலிப்புத் தணிந்தது. இளமைக்கால நினைவுகளும் எஞ்சின. ஆனால், சற்று முன் கண்டவரையும் அவர் புதியவராகவே கண்டார். 2008இல் இறக்கும்வரை அந்நிலை மாறவில்லை. லாஷ்லி ஆராய்ந்தது மேற்புறணியை. புதிய நினைவுகளைப் பதிக்கும் வாயிலோ உள்ளே இருந்தது.

அங்ஙனமாயின் எலியாராய்ச்சி வீணோ? அன்று. 1971இல் இலண்டனில் ஜோன் ஓகீஃப், எலியின் இதே பகுதியில், அது குறித்த ஓரிடத்தில் நிற்கும்போது மட்டும் கிளர்ச்சியுறும் கலங்களைக் கண்டறிந்தார். 2000ஆம் ஆண்டில், அந்நகரத் தெருக்களையெல்லாம் மனனஞ் செய்த வாடகைக் கார்ச் சாரதிகளை ஆராய்ந்தபோது, அப்பகுதியின் பிற்பாகம் அவர்களுக்குப் பிறரினும் பருத்திருக்கக் காணப்பட்டது. 2014இல் ஓகீஃப் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

மருந்தின் கதையோ வேறு. பாரிசவாதத்தின்போது மூளையைக் காக்கவென ஆக்கிய மருந்தொன்று, எலி முதலிய விலங்குகளில் நற்பயன் அளித்தது. 2006இல் வெளியான முதற் பெருஞ்சோதனையும் நம்பிக்கையூட்டிற்று. ஆனால், மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் செய்த அடுத்த சோதனையின் முடிவு 2007இல் வெளிவந்தபோது, பயனேதும் காணப்படவில்லை. ஆய்வுகூட விலங்குகள் பெரும்பாலும் இளமையும் நலமும் உடையவை. பாரிசவாதத்தால் வீழ்வோரோ பெரும்பாலும் முதியோர். குருதியமுக்கமும் நீரிழிவும் உற்றோர் பலர். மேலும், எலியின் மூளையில் ஏறக்குறைய 20 கோடி நரம்புக்கலங்கள். நம் மூளையிலோ ஏறக்குறைய 8,600 கோடி.

ஆகவே, எங்கே தேடவேண்டும் என்பதை எலி நமக்குக் காட்டும். கண்டது மெய்யா என்பதை மனிதரிடத்தே சோதித்தல் வேண்டும். நோயுற்ற தந்தையின் அருகிருக்கும் மகன், புதுமருந்துச் செய்தியைப் படித்தவுடன் நம்பி ஏங்குதல் இயல்பே. எனினும், “இது எவ்வுயிரிற் கண்ட பயன்?” என்று முதலில் வினவுவோமாக.